இருபடிச் சரிபார்ப்பு மக்கர் செய்கிறதா? அலுவலகக் கணக்குகளுக்கு அறிகுறி வாரியாக வழி

லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் போட லாகின் செய்தால் ஓடிபி கேட்கிறது, அந்த ஓடிபி போகும் போனோ ஊர்த் திருவிழாவுக்குப் போன கணக்காளரின் சட்டைப் பையில் இருக்கிறது. சிறு நிறுவனங்களில் இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியோ ஆப் எண்ணோ கேட்கும் முறை) பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். ஆப் கெட்டுப்போவது, சர்வர் சொதப்புவது எல்லாம் குறைவு. இரண்டாவது படி யாருடைய போனில் இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காமல், அன்றைக்கு யார் கம்ப்யூட்டர் முன் இருந்தாரோ அவர் நம்பரைக் கொடுத்துவிட்டதுதான் அதிகம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது வேலை நடக்க என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, அது மறுபடி வராமல் இருக்க எதை எங்கே மாற்றுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதில் கை வைக்கும் முன்பும் இரண்டு விஷயம். ஒன்று, தொல்லை தாங்கவில்லை என்று சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள், அப்புறம் யாரும் திரும்பப் போடப்போவதில்லை. இரண்டாவது, அதே கணக்கு வேறு ஏதாவது கம்ப்யூட்டரிலோ பழைய லேப்டாப்பிலோ இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அதில் லாக் அவுட் செய்யாதீர்கள், பிரவுசர் ஹிஸ்டரியைத் துடைக்காதீர்கள். பல நேரம் அந்த ஒரு திறந்த ஜன்னல் வழியாகவே உள்ளே போய்ப் புது நம்பரைச் சேர்த்துவிடலாம்.

## ஓடிபி மெசேஜ் வரவே இல்லை

முதலில் "மறுபடி அனுப்பு" பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். புதிது கேட்டால் பழையது பெரும்பாலும் செல்லாது. தாமதமாக மூன்று மெசேஜ் சேர்ந்து வந்து விழும், எதை அடிப்பது என்று குழம்பி இரண்டு முறை தப்பாகப் போட்டதும் கணக்கு கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். ஒரு முறை கேளுங்கள், இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், கடைசியாக வந்ததை மட்டும் போடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரை அந்த நம்பருக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் கோளாறு சிம்மில். சமீபத்தில் சிம் மாற்றினீர்களா? தொலைந்ததற்குப் பதில் வாங்கினாலும், 5ஜி சிம்முக்கு மாறினாலும், புது சிம் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வரவும் வராது. திருட்டு சிம்மைத் தடுக்க 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது, கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சாதாரண எஸ்எம்எஸ் வந்து ஓடிபி மட்டும் வராவிட்டால், மெசேஜ் ஆப்பின் ஸ்பேம் பகுதியையும், திரையில் காட்டும் கடைசி சில இலக்கங்கள் உங்கள் நம்பர்தானா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டாவதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள், ஏனென்றால் கணக்கு தொடங்கிய அன்று ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் தன் நம்பரையே போட்டிருப்பார்.

இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் மட்டும் உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. அங்கே இருபடிச் சரிபார்ப்பு 2025 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. எல்லோரும் எஸ்எம்எஸ்ஸையே நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அரசின் மெசேஜ் ஆப்பான சந்தேஸிலும் ஓடிபி வரும், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற ஆப்பிலும் எடுக்கலாம். ஷீல்டு ஆப்புக்கு இன்டர்நெட்கூட வேண்டாம், 30 விநாடிக்கு ஒரு முறை தானே புது எண் காட்டும். சிக்னல் சரியில்லாத கோடவுனில் உட்கார்ந்து பில் போடுபவர்கள் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பை அந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபைலை அல்ல.

ஒரு எச்சரிக்கை. ஓடிபி மட்டுமல்ல, போனில் டவரே திடீரென்று செத்துப்போய், பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு எல்லாம் சரியாக வருகிறதென்றால் காத்திருக்காதீர்கள். உங்கள் நம்பரில் வேறு யாரோ சிம் வாங்கியிருக்கலாம். இன்னொரு போனிலிருந்து சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டு நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.

## ஆப் காட்டும் எண்ணைத்தான் அடிக்கிறேன், தப்பு என்கிறது

பத்தில் எட்டு முறை போன் கடிகாரம்தான் காரணம். கூகுள் ஆதென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் மாதிரி ஆப்களில் ஆறு இலக்க எண் எங்கிருந்தும் "வருவதில்லை". நீங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்த அன்று ஒரு ரகசியச் சரம் போனுக்குள் போய் உட்கார்ந்தது, அதே சரம் சர்வரிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சரத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் கலந்து கணக்குப் போட்டு ஒரே எண்ணுக்கு வருகின்றன. 2011-இல் வெளியான ஒரு பொதுத் தரத்தின்படி எல்லா ஆப்பும் இதையே செய்வதால்தான் ஒரு கம்பெனி ஆப்பில் இன்னொரு கம்பெனி கணக்கைச் சேர்க்க முடிகிறது. வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு எண். சர்வர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், முன்னே பின்னே ஒரு எண்ணை ஏற்கும், அவ்வளவுதான். போன் இரண்டு நிமிடம் தள்ளி ஓடினால் வேறு எண் காட்டும், அதை எத்தனை முறை சரியாகப் பார்த்து அடித்தாலும் தப்புதான்.

ஆகவே போன் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானாக அமைக்கும் வசதியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். நேர மண்டலமும் இந்தியாவாக இருக்கட்டும். யாராவது விளையாட்டுக்காகவோ வருகைப் பதிவு ஆப்பை ஏமாற்றவோ நேரத்தைத் திருகி வைத்திருந்தால் குட்டு இங்கே வெளிப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் கடிகாரம் இதில் கணக்கில்லை, எண்ணைக் காட்டும் கருவியின் கடிகாரம் மட்டும்தான். ஷீல்டு ஆப்புக்கும் இதே வைத்தியம்.

நேரம் சரியாக இருந்தும் தப்பு என்றால், ஆப்பில் ஒரே பெயரில் இரண்டு வரிசை இருக்கிறதா பாருங்கள். யாரோ நடுவில் இருபடியை அணைத்துத் திரும்பப் போட்டிருப்பார்கள், அப்போது ரகசியச் சரம் புதிதாகிவிட்டது, பழைய வரிசை அழகாக எண் காட்டிக்கொண்டே இருந்தாலும் அது செத்த வரிசை. இரண்டையும் போட்டுப் பார்த்து, வேலை செய்வது எது என்று உறுதியான பிறகு மட்டும் மற்றதை அழியுங்கள். அவசரத்தில் நல்லதை அழித்துவிட்டு அடுத்த தலைப்புக்கு வருபவர்கள் உண்டு.

## போன் தொலைந்தது, உடைந்தது, அல்லது புதுசு வாங்கியாச்சு

புதுசு வாங்கியவர்களுக்கு ஒரே வரி: பழைய போனைத் துடைத்து எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் எல்லாக் கணக்கிலும் புது போனில் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

தொலைத்தவர்கள் விஷயம் எந்த ஆப் என்பதைப் பொறுத்தது. கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில்தான் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. அதை இயக்கியிருந்தால் புது போனில் அதே கூகுள் கணக்கில் நுழைந்ததும் எண்கள் திரும்பி வரும், இல்லையென்றால் அவை அந்த போனோடு போயின. மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரில் பேக்கப் இருந்தாலும் ஐபோனில் எடுத்தது ஆண்ட்ராய்டில் திரும்பாது. அலுவலகக் கணக்குகளில் இன்னொரு குழப்பம்: புது போனில் கணக்கின் பெயர் மட்டும் வந்து நிற்கும், தொட்டால் மறுபடி க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொல்லும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு நிறுவனத்துடையது என்றால் பயனர் தனியாகப் போராட வேண்டியதே இல்லை, அட்மின், அதாவது நிறுவனக் கணக்குகளை நிர்வகிப்பவர், உள்ளே விடலாம். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அட்மின் கன்சோலில் அந்தப் பயனரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் இருபடிச் சரிபார்ப்பின் கீழே பேக்கப் எண்களை எடுத்துப் போனில் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒரு தொகுப்பில் 10 எண், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு தடவைக்கு ஒன்று செலவாகும், புதுத் தொகுப்பு எடுத்த நொடியில் பழையது செல்லாது. மைக்ரோசாஃப்ட் 365-இல் என்ட்ரா (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் இடம்) அட்மின் பக்கத்தில் பயனரின் சரிபார்ப்பு முறைகளுக்குப் போய் மறுபதிவு செய்யச் சொல்லிவிட்டால், அடுத்த லாகினில் புது போனைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும். ஆனால் பேசுவது உங்கள் ஊழியர்தானா என்று குரலைக் கேட்டு, தெரிந்த நம்பரில் நீங்களே திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் இதைச் செய்யாதீர்கள். "சார், போன் தொலைஞ்சிருச்சு, ரீசெட் பண்ணுங்க" என்பது திருடர்களும் நன்றாகப் பேசும் வசனம்.

போன் தொலைந்தது வீட்டுக்குள் இல்லை, வெளியே என்றால் எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்யும் பட்டனையும் அட்மின் அமுக்கிவிட வேண்டும்.

## நம்பர் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்

இதுதான் உண்மையான நோய், மற்றதெல்லாம் சளி இருமல்.

நல்லபடியாகப் போனவர் என்றால் கூப்பிட்டு ஒரு ஓடிபி கேட்டு, உள்ளே போய், நம்பரை மாற்றி, அதோடு முடித்துவிடலாம். அந்த ஒரு உதவியையே மாதக்கணக்கில் நீட்டி ஒவ்வொரு பில்லுக்கும் பழைய ஊழியரைக் கூப்பிடும் அலுவலகங்களும் இருக்கின்றன, அவர் மனசு மாறினால் கடை மூடவேண்டியதுதான். சண்டை போட்டுப் போனவர் என்றால் கணக்கு வாரியாக வழி வேறு.

இ-வே பில்லில் ஒரே லாகினை நாலு பேர் பகிர்ந்துகொள்வதுதான் வினை. தளத்தில் பயனர் நிர்வாகப் பகுதியில் துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி நம்பர், தனி ஓடிபி, அவர் போனால் அவருடையதை மட்டும் முடக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். முதன்மைப் பயனரின் நம்பரே தவறானவரிடம் இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் நம்பரை மாற்றி, பிறகு இ-வே பில் தளத்தில் அந்த விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்துக்குள்ளேயே போக முடியாத நிலை என்றால், உங்கள் வரம்புக்குரிய வரி அலுவலரிடம் ஆவணங்களோடு நேரில் போனால் மின்னஞ்சலையும் நம்பரையும் மாற்றித் தருவதற்கு நடைமுறை இருக்கிறது. அலைச்சல்தான், ஆனால் முட்டுச்சந்து இல்லை.

மின்னஞ்சலில் ஊழியர் போனால் அட்மின் பார்த்துக்கொள்வார். போனவரே அட்மின் என்றால்? கூகுள் ஒர்க்ஸ்பேஸில் வேறு சூப்பர் அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின்) இல்லாவிட்டால், டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர், உங்களுடையது என்று நிரூபிக்க அவர்கள் கொடுக்கும் ஒரு வரியை டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் குறிப்பு) சேர்க்கச் சொல்வார்கள். அப்போதுதான் தெரியவரும், டொமைன் வாங்கியதே வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, அவருடைய சொந்தக் கணக்கில், அவருடைய சொந்த நம்பரில் என்று. எனவே இன்றைக்கே பார்க்க வேண்டிய முதல் இடம் மின்னஞ்சல் அல்ல, டொமைன் வாங்கிய கணக்கு. அது முதலாளி பெயரில் இருக்கட்டும். சூப்பர் அட்மின் குறைந்தது இரண்டு பேர். இரண்டாவது ஆளாக ஆளே இல்லையென்றால், தினசரி மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் பேக்கப் எண்களைக் காகிதத்தில் அச்சிட்டு, செக் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் "பாஸ்வேர்டு" என்று பெயரிட்ட எக்செல் ஃபைலில் அல்ல.

நிறுவனத்துக்கென ஒரு சிம், மேஜை டிராயரில் ஒரு பழைய போன் என்று சிலர் செய்கிறார்கள். சரிதான், ரீசார்ஜை மறக்காதவரை. ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு போகலாம், அப்புறம் அதே நம்பர் வேறு யாருக்காவது போய்ச் சேரும், உங்கள் ஓடிபிகளும் கூடவே போகும்.

## இருபடி போட்டதிலிருந்து ஸ்கேனரும் பில்லிங் சாஃப்ட்வேரும் மெயில் அனுப்பவில்லை

ஸ்கேனருக்கு ஆறு இலக்கம் அடிக்கத் தெரியாது, அதுதான் காரணம். ஜிமெயில் பக்கம் இதற்கு ஆப் பாஸ்வேர்டு என்று ஒன்று உண்டு, 16 எழுத்து. திரையில் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினாலும் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எடுத்துக்கொள்வது நல்லது, ஒன்றை விற்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம். அந்தத் தேர்வே கண்ணில் படவில்லையென்றால் அந்தக் கணக்கில் இருபடி இன்னும் இயங்கவில்லை, அல்லது செக்யூரிட்டி கீ (லாகினுக்குச் செருகும் சிறு சாவிக் கருவி) மட்டும் வைத்திருக்கிறீர்கள், அல்லது அட்மின் தடுத்திருக்கிறார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் நின்றுபோனதா? யாராவது முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். அப்போது கூகுள் எல்லா ஆப் பாஸ்வேர்டையும் ரத்து செய்துவிடும், புதிது எடுத்துப் போடுங்கள். சாதாரணப் பாஸ்வேர்டையே போட்டு ஓட்டும் பழைய வழி தனிப்பட்ட ஜிமெயிலில் 2022 மே மாதத்திலும், ஒர்க்ஸ்பேஸில் 2025 மே மாதத்திலும் மூடப்பட்டுவிட்டது. "பாதுகாப்புக் குறைந்த ஆப்களை அனுமதி" என்ற பட்டனைத் தேடச் சொல்லும் பழைய வீடியோக்களை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365-இலும் 2022 அக்டோபரிலிருந்து பழைய முறையை மூடத் தொடங்கினார்கள், ஆகவே பழைய அவுட்லுக் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்டால் பாஸ்வேர்டு தப்பில்லை, அவுட்லுக் பழசு.

## நான் லாகினே செய்யவில்லை, "நீங்கள்தானா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறது

இல்லை என்று அமுக்குங்கள். எத்தனை முறை வந்தாலும், இரவு ஒரு மணிக்கு வந்தாலும் இல்லைதான். இது ஆப்பின் பைத்தியம் அல்ல, உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது, அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். தூக்கக் கலக்கத்திலோ தொல்லை ஒழியட்டும் என்றோ ஒரு முறை ஆம் சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருக்கிறார். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்: ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் பாஸ்வேர்டு கையில் கிடைத்தது, கோரிக்கை மேல் கோரிக்கை அனுப்பினார்கள், கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அத்தனை பெரிய கம்பெனியில்.

பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்யுங்கள், அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கும் மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து கம்ப்யூட்டர் திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் அடித்தால்தான் ஏற்பது என்று மாற்றியது இந்தத் தொல்லைக்காகத்தான். அதன் பிறகு திருடன் போனிலேயே கூப்பிட்டு "நாங்கள் ஐடி டீம், 47 என்று அடியுங்கள்" என்று சொல்லலாம். நீங்கள் பார்க்காத திரையின் எண்ணை யார் சொன்னாலும் அடிக்கக்கூடாது என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

## எல்லாம் சரியாக இருந்தது, ஆனாலும் கணக்கு போய்விட்டது

"இருபடி போட்டும் ஹேக் ஆகிவிட்டதே, அப்புறம் அது எதற்கு?" என்பார்கள். நியாயமான கோபம். நடப்பது இது: வாடிக்கையாளர் பெயரில் "பர்ச்சேஸ் ஆர்டர் இணைப்பில்" என்று மெயில் வரும், தட்டினால் அசல் மாதிரியே லாகின் பக்கம். நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டையும் ஆறு இலக்கத்தையும் அந்தப் பக்கம் அதே நொடியில் உண்மையான தளத்துக்குக் கடத்தி, உள்ளே நுழைந்த பிறகு தளம் தரும் அனுமதிக் குக்கீயை (இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று சொல்லும் அடையாளச் சீட்டு) தன்னிடம் வைத்துக்கொள்ளும். அந்தக் குக்கீ உயிரோடு இருக்கும்வரை திருடனுக்கு ஓடிபியே தேவையில்லை.

ஆகவே பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. எல்லா லாகினையும் துண்டியுங்கள். பிறகு மெயில் செட்டிங்ஸில் தானாக ஃபார்வர்டு செய்யும் விதிகளையும் ஃபில்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், "இன்வாய்ஸ்" என்ற சொல் உள்ள மெயில்களை ஏதோ ஒரு ஃபோல்டருக்குத் தள்ளும் விதி நீங்கள் போடாமலே இருந்தால் வந்தவர் யார் என்ன வேலையாக வந்தார் என்று புரிந்துவிடும். சரிபார்ப்பு முறைகளில் தெரியாத போன் சேர்ந்திருக்கிறதா, அனுமதி பெற்ற வெளி ஆப்கள் எவை என்பதும் முக்கியம். அடுத்து, பணம் வரவேண்டிய வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் ஏதும் வந்ததா என்று கேளுங்கள். மெயிலில் கேட்காதீர்கள், மெயில்தான் திருடனிடம் இருக்கிறதே. பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இந்த வகைத் திருட்டுக்கு ஓடிபி, ஆப் எண் எதுவும் மருந்து இல்லை. பாஸ்கீ (போனுக்குள்ளோ கம்ப்யூட்டருக்குள்ளோ இருக்கும் டிஜிட்டல் சாவி), செக்யூரிட்டி கீ இரண்டும்தான் தாங்கும், ஏனென்றால் அவை தளத்தின் உண்மையான முகவரியோடு கட்டப்பட்டவை, முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்துப் போட மறுத்துவிடும், நீங்கள் ஏமாந்தாலும் அவை ஏமாறுவதில்லை. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால் அட்மின் கணக்கு, முதலாளி, பணம் கையாளுபவர் மூவருக்காவது போடுங்கள்.

## ஒவ்வொரு நாளும் கேட்கிறது, அல்லது கேட்பதே இல்லை

தினமும் கேட்டால் பிரவுசர் மூடும்போது குக்கீகளை அழிக்கிறதா, "கிளீனர்" ஏதாவது ஓடுகிறதா, இன்காக்னிடோவில் திறக்கிறீர்களா என்று பாருங்கள். கேட்பதே இல்லையென்றால் யாரோ "இந்தக் கருவியில் மறுபடி கேட்காதே" என்று டிக் போட்டிருக்கிறார்கள். சொந்த லேப்டாப்பில் பரவாயில்லை, நாலு பேர் உட்காரும் பில்லிங் கம்ப்யூட்டரில் வேண்டாம், நம்பகமான கருவிகள் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள்.

## வாட்ஸ்அப் பிசினஸில் ஆறு இலக்கப் பின் (PIN) மறந்துவிட்டது

எஸ்எம்எஸ் ஓடிபியைச் சரியாகப் போட்டபின் கேட்கும் பின் இது, இரண்டும் வேறு வேறு. பின் வைத்தபோது மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதில் வரும் இணைப்பின் வழியாக மாற்றிவிடலாம். கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும், யாரிடம் கெஞ்சியும் குறையாது, அந்த வாரம் முழுக்க ஆர்டர் எடுக்க வேறு நம்பர்தான். இன்னும் மறக்காதவர்கள் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் மின்னஞ்சலை இப்போதே சேர்த்துவிடுங்கள், போகும்போது அது முதலாளியின் மின்னஞ்சல்தானா, போன மாதம் நின்ற பையனுடையதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.